கண்ணை மூடச் சொன்னது நீங்கள்தான்

பிப்ரவரி 9

சம்பந்தியம்மாவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நலமில்லை என்று தெரிந்துகொண்டே கேட்பது சரியில்லை, விட்டுவிடுகிறேன். போனில் பேசியிருக்கலாம். பேசினால் என் குரல் உயர்ந்துவிடும். முப்பத்தொரு வருடம் பள்ளி மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கத்திய தொண்டை. மெதுவாகப் பேச வராது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஜனவரி பதினேழு, காலை ஏழேகால். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தள ஹாலில் என் உடற்பயிற்சி வகுப்பு. எல்லோரும் அறுபது தாண்டியவர்கள், பதினான்கு பேர். உங்களோடு பதினைந்து. உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு பெண் வீட்டில் பத்து நாள் இருக்க வந்திருந்தீர்கள். தையல் மெஷின் முன்னால் குனிந்து குனிந்து முதுகு வளைந்துவிட்டதே என்று நான்தான் உங்களைக் கூப்பிட்டேன். அன்று உங்களுக்கு மூன்றாவது நாள். ஒற்றைக் காலில் நின்று பத்து எண்ண வேண்டும். ஆறு எண்ணும்போது விழுந்தீர்கள். வலது கையை ஊன்றினீர்கள், மணிக்கட்டு முறிந்தது. நான் ஐந்தடி தள்ளி நின்றிருந்தேன்.

உங்கள் பெண் சொல்லும் கதை வேறு. ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்துப் பேர் முன்னால், "பசங்களைப் பிடிச்சு நிமித்துற மாதிரி எங்கம்மாவையும் பிடிச்சுத் தள்ளிட்டீங்களா அத்தை?" என்று கேட்டாள். என் மகன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றிலிருந்து இரண்டு பேரும் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஒரே ஊர்தான், பஸ்ஸில் இருபது நிமிடம்.

நீங்களும் காலுறையைக் கழற்றவில்லை. வழவழப்பான தரை, கழற்றிவிடுங்கள் என்று சொன்னேன். "குளிருதே" என்றீர்கள். இதையும் எழுதத்தான் வேண்டும்.

கை எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் அம்மா


பிப்ரவரி 17

சம்பந்தியம்மாவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியதுபோல் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தள்ளவில்லை. தள்ளியதாக நான் யாரிடமும் சொல்லவில்லை. துணியைத்தான் தைக்கத் தெரியும் எனக்கு. பெண்ணின் வாயை எப்படித் தைப்பேன்.

காலுறை உண்மை.

ஆனால் கண்ணை மூடச் சொன்னது நீங்கள்தான். அது உங்கள் கடிதத்தில் இல்லை.

மாவுக்கட்டு இன்னும் பத்து நாள். இவரை நாற்காலியிலிருந்து எழுப்ப ஒரு கை போதவில்லை. இந்தக் கையும் இப்போது வலிக்கிறது. நிறுத்துகிறேன்.


பிப்ரவரி 24

சம்பந்தியம்மாவுக்கு,

ஆமாம். கண்ணை மூடச் சொன்னேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். நாலு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. இப்போது எழுதாவிட்டால் எப்போதும் எழுதமாட்டேன்.

புதிதாக வருபவர்கள் சுவர் ஓரத்தில் நிற்க வேண்டும். ஒரு கை சுவரில் இருக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும். நான் வைத்த சட்டம்தான். ஆனால் நீங்கள் இரண்டே நாளில் நன்றாக நின்றீர்கள். என் சம்பந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதா என்று எனக்கு ஒரு வீம்பு. நடுவில் நிறுத்தினேன். "பாருங்க, ரெண்டு நாள்ல எப்படி நிக்கிறாங்க!" என்று மற்றவர்களிடம் சொன்னேன். அந்த உற்சாகத்தில்தான் கண்ணை மூடுங்கள் என்றேன். கண்ணை மூடினால் இளவட்டமே தடுமாறும். அது எனக்குத் தெரியாததா?

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் விழுமுன் உங்கள் இடது கை காற்றில் எதையோ துழாவியது. மூன்று எண்ணும்போதே பார்த்துவிட்டேன். இருந்தும் நாலு என்றேன், ஐந்து என்றேன்.

ஹாலைப் பூட்டிவிட்டார்கள். "கொஞ்ச நாள் போகட்டும் டீச்சர்" என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் சாவியை வாங்கிக்கொண்டார். காலையில் விழிப்பு மட்டும் பழைய நேரத்துக்கே வந்துவிடுகிறது. எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அன்று உங்களுக்குத் தலை சுற்றியதா?


மார்ச் 12

சம்பந்தியம்மாவுக்கு,

கட்டுப் பிரித்துவிட்டார்கள். இது வலது கை எழுத்து. நாலு வரிக்கு ஒருமுறை விரலை நீவிக்கொண்டு எழுதுகிறேன். கை மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடைய கையையோ கடன் வாங்கி மாட்டியதுபோல் இருக்கிறது. கத்தரிக்கோலைப் பிடித்துப் பார்த்தேன், விரல் மடங்கவில்லை. பள்ளிச் சீருடைக்கு வந்த துணிகளை வாங்கிய வீடுகளுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். தலை சுற்றியது. அன்று மட்டும் இல்லை.

டிசம்பரில் டாக்டர் என் ரத்த அழுத்த மாத்திரையைக் கூட்டினார். அதிலிருந்து உட்கார்ந்து எழுந்தால் கண் முன்னால் ஒரு திரை இறங்கும். அரை நிமிடத்தில் சரியாகிவிடும். உங்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே இரண்டு முறை விழுந்திருக்கிறேன். ஒருமுறை குளியலறையில், ஒருமுறை கொல்லைப்புறத்தில் துணி எடுக்கும்போது. இரண்டு முறையும் அடி இல்லை. அன்று காலை உங்கள் வகுப்புக்கு ஒன்றும் சாப்பிடாமல் வந்தேன். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இவருக்கு நடுக்குவாத நோய் வந்து நாலு வருடம். இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டிய மனிதர், எண்பது கிலோ. எழுப்ப, நடத்த, குளிப்பாட்ட எல்லாம் நான். எனக்கும் தலை சுற்றுகிறது என்று தெரிந்தால் பெண் அன்றைக்கே இவரை முதியோர் இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு செய்துவிடுவாள். அவள்மேல் தப்பில்லை, பயம். அதனால் அவளிடம் சொல்லவில்லை. அவளிடம் சொல்லாததை உங்களிடம் எப்படிச் சொல்வது?

நேற்று இவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கும்போது என் இடுப்பில் ஏதோ பிசகியது. பலகை மாதிரி விறைத்து நடமாடுகிறேன். இவர் என்னைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இப்ப யாரு யாரைத் தூக்கணும்?" என்றார். சிரிக்கப் போனேன், இடுப்பு விடவில்லை.

களைப்பாக இருக்கிறது. தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு.


மார்ச் 18

சம்பந்தியம்மா,

இரண்டு முறை விழுந்துவிட்டு, மாத்திரை மாறியதையும் சொல்லாமல் என் வகுப்பில் வந்து நின்றிருக்கிறீர்கள். மணிக்கட்டோடு போயிற்று. இடுப்பு எலும்பு போயிருந்தால்? தலை தரையில் பட்டிருந்தால்? ஊர் முழுக்க என்னைக் கொலைகாரி என்று சொல்லியிருக்கும், நீங்கள் வாய் திறக்காமல் படுத்திருப்பீர்கள். இரண்டு மாதமாக நான் ஒருத்திதான் குற்றவாளி என்று

மார்ச் 19

நேற்று பாதியில் நிறுத்திவிட்டேன். கிழித்துப் போடலாம் என்றுதான் எடுத்தேன். நேற்றுக் கோபமும் உண்மைதானே, இருக்கட்டும்.

இன்று இதையும் சேர்த்துப் படியுங்கள். வகுப்பில் யார் சேர்ந்தாலும் ஒரு தாள் கொடுப்பேன். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், சமீபத்தில் மாறியதா, தலை சுற்றுகிறதா, கடந்த ஒரு வருடத்தில் விழுந்தீர்களா, நெஞ்சு வலி உண்டா. ஐந்தே கேள்வி. முதலில் சேர்ந்த ஒன்பது பேரிடம் வாங்கினேன். பிறகு தாள் தீர்ந்துவிட்டது, மறுபடி அடிக்கச் சோம்பல். உங்களிடம் வாயால்கூடக் கேட்கவில்லை. சம்பந்தியிடம் போய் மாத்திரைக் கணக்குக் கேட்டால் என்ன நினைப்பீர்களோ என்று கூச்சம். நான் கேட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்களா தெரியாது. ஆனால் நான் கேட்கவில்லை.

என் முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டது. வகுப்புக்கு இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொண்டுதான் வருவேன். வலி தெரியாமல் குதித்துக் காட்டுவேன். "டீச்சரைப் பாருங்க, எழுபது நெருங்குது, எப்படி இருக்காங்க" என்று அவர்கள் சொல்லும்போது நன்றாக இருக்கும்.

இப்போது இவை உங்களுக்கு. டிரில் டீச்சர் சொல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போய்த் தலைசுற்றலைச் சொல்லுங்கள், இரண்டு முறை விழுந்ததையும் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். படுக்கையிலிருந்து நேராக எழாமல் விளிம்பில் கொஞ்சம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு, பிறகு எழுந்திருங்கள். அவரை அக்குளில் பிடித்துத் தூக்கவே கூடாது, அவர் தோளும் போகும், உங்கள் இடுப்பும் போகும். அவர் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து வரட்டும். பாதங்களைப் பின்னால் இழுத்து ஊன்றட்டும். மூக்கு முட்டிக்கு நேராக வரும்வரை முன்னால் குனியட்டும். நீங்கள் மூன்று எண்ணுங்கள், அவரே எழ வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். நாற்காலி தாழ்வாக இருந்தால் தச்சரிடம் சொல்லி நாலு காலுக்கும் கட்டை வைத்து உயர்த்துங்கள்.

இன்னும் கோபம் கொஞ்சம் இருக்கிறது. போய்விடும்.


ஏப்ரல் 6

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கோபத்தைப் படித்ததும் எனக்கு லேசாகிவிட்டது. இத்தனை நாள் எல்லோரும் என்னைப் பாவம் பாவம் என்றே பேசுகிறார்கள்.

டாக்டரிடம் போனேன். உட்கார வைத்து ஒருமுறை, நிற்க வைத்து ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்தார். நின்றதும் சடசடவென்று இறங்குகிறது. "இவ்வளவு நாள் ஏம்மா சொல்லல?" என்றார். மாத்திரையைக் குறைத்து நேரத்தையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். திரை இறங்குவது பாதியாகக் குறைந்திருக்கிறது.

நாற்காலிக்குக் கட்டை வைத்தாயிற்று. இவர் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டு, "லாரியில உக்காந்த மாதிரி இருக்கு, ஹாரன் மட்டும்தான் இல்ல" என்றார். முதல் வாரம் மூக்கை முட்டிக்கு நேராகக் கொண்டுவரவே பயம். இரண்டாவது வாரம் ஒருநாள் எழுந்துவிட்டார். நான் தொடவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இத்தோடு முடிக்கத்தான் ஆசை. ஆனால் உங்களிடம் இனி மறைப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

மூன்று நாள் முன்பு, காலை பதினோரு மணி. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் இவர் கால் உறைந்து நின்றுவிட்டது. இந்த நோயில் அப்படி வரும். சரியத் தொடங்கினார். எண்பது கிலோவை நான் எங்கே பிடிப்பது? ஆனமட்டும் தாங்கி மெதுவாக இறக்கினேன், நானும் கூடவே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடி இல்லை. ஆனால் எழ முடியவில்லை. அவராலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. போன் சமையலறையில். நாற்பது நிமிடம் கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம்.

"கத்திக் கூப்பிடு" என்றார்.

"கூப்பிட்டா பொண்ணு காதுக்குப் போகும்" என்றேன்.

"போகட்டுமே. உனக்கு முடியலன்னு எனக்குத் தெரியாதா? நாலு வருஷமா பாக்கறேன். என்னை எங்கயாவது விடணும்னா விடு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அதைக் கேட்டு நான் அழுதேன். தரையில் உட்கார்ந்து, கதவு திறந்திருக்கிறதே என்ற நினைப்புகூட இல்லாமல். பக்கத்து வீட்டுத் தபால்காரர் சாப்பாட்டுக்கு வந்தவர் சத்தம் கேட்டு வந்து தூக்கிவிட்டார். பெண்ணுக்கும் தெரிந்துவிட்டது. இல்லத்துக்கான விண்ணப்பத்தை அனுப்பியிருக்கிறாள். மேசைமேல் கிடக்கிறது.

அவள் சொல்வதுதான் சரியோ என்று தோன்றுகிறது. முடியவில்லை சம்பந்தி.


ஏப்ரல் 11

சம்பந்தியம்மா,

வெள்ளிக்கிழமை மதிய ரயிலில் வருகிறேன். இரண்டு வாரம் இருப்பேன். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அவர்கள் என்னோடு பேசினால்தானே சொல்ல.

ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். உங்கள் வீடு தரைத்தளம் என்பது ஒரு பெரிய நிம்மதி.

விண்ணப்பத்தில் நான் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். வந்து பார்த்தபிறகு நானே போடச் சொன்னாலும் சொல்வேன். முடியாததை முடியும் என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிட்டேன்.


மே 5

சம்பந்தியம்மாவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நீங்கள் போனபிறகு வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. "முதுகு நேரா! மூச்சை அடக்காதீங்க!" என்று காலையில் யாரும் அதட்டவில்லை. இவர், "டிரில் டீச்சர் இல்லாம போர் அடிக்குது" என்கிறார். நீங்கள் இருந்தபோது பயத்தில் ஐந்து முறைக்கு ஐந்து முறையும் எழுந்தார். இப்போது மூன்றுதான். அது போதும்.

குளியலறை மிதியடியை நீங்கள் தூக்கி வெளியே எறிந்தபோது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! என் கையால் தைத்தது, பதினோரு வருடமாகக் கிடக்கிறது. இப்போது அது இல்லாமல் தரை காலில் உறுதியாகப் பிடிக்கிறது. அதை ஒத்துக்கொள்ள எனக்குப் பத்து நாள் ஆயிற்று.

நீங்கள் அளவு வரைந்து கொடுத்த இடுப்புப் பட்டையைத் தைத்து முடித்துவிட்டேன். கான்வாஸ் துணி இரண்டு மடிப்பு, இரண்டு பக்கமும் பிடி. விரல் வலித்து வலித்து நாலு நாள் எடுத்தது. தையல் கொஞ்சம் கோணல், பழைய வாடிக்கையாளர் என்றால் முகத்தில் எறிந்திருப்பார். இவர் நடக்கும்போது அந்தப் பிடியில் கை வைத்துக்கொள்கிறேன். பாரம் என் இடுப்புக்கு வரவில்லை.

விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துவிட்டேன். நீங்கள் சொன்னபடி வாரம் இரண்டு நாள், பகலில் மட்டும் அங்கே விடுவது. இவரே கையெழுத்துப் போட்டார். செவ்வாய்க்கிழமை முதல் நாள். விட்டுவிட்டு வந்து மதியம் ஒரு மணிக்குப் படுத்தேன். நாலரைக்குத்தான் எழுந்தேன். நாலு வருடத்தில் அப்படித் தூங்கியதில்லை.

பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாத்திரை, இரண்டு முறை விழுந்தது, வெறும் வயிறு, காலுறை. நீங்கள் கண்ணை மூடச் சொன்னதையும் சொன்னேன், அதையும் விட முடியாதே. எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். பிறகு, "அப்ப நான் அத்தையை அப்படிக் கேட்டது தப்பாம்மா?" என்றாள். "கேட்டது கேட்டதுதான். நான் என்ன செய்ய?" என்றேன். இனி அது உங்கள் இருவர் பாடு.

கடைசியாக ஒன்று. நீங்கள் குளித்துவிட்டு வரும்போது முழங்காலுக்குக் கீழே கறுத்திருந்ததைப் பார்த்தேன். "மேசையில் இடித்தது" என்றீர்கள். நாற்பது வருடம் அளவெடுத்த கண் இது. மேசை அவ்வளவு அகலத்துக்கு இடிக்காது. நான் சொல்லிவிட்டேன். நீங்கள் எப்போது சொல்வீர்கள்?


மே 27

சம்பந்தியம்மாவுக்கு,

கேட்டுவிட்டீர்கள். பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது.

ஹாலைத் திறந்துவிட்டார்கள். இரண்டு நிபந்தனை. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார், எல்லோரும் டாக்டரிடம் கேட்டுவிட்டு வர வேண்டும். இரண்டும் நானே கேட்டிருக்க வேண்டியவை, மறுபேச்சுப் பேசவில்லை. என் முட்டியையும் அவரிடம் காட்டினேன். குதிப்பதை மறந்துவிடுங்கள் என்றார். மாத்திரை போட்டுக்கொண்டு வகுப்பு எடுப்பதற்கும் செமத்தியாகத் திட்டு வாங்கினேன்.

நேற்று முதல் வகுப்பு. பதினான்கு பேரில் பன்னிரண்டு பேர் வந்தார்கள். நாற்காலிகளைச் சுவர் ஓரமாகப் போட்டிருந்தேன். எனக்கும் ஒரு நாற்காலி. உட்கார்ந்துகொண்டு வகுப்பு எடுக்க வெட்கமாகத்தான் இருந்தது. கையைத் தூக்குங்கள் என்று சொல்வதற்கு முன்னால் கேட்டேன்: "இந்த ஒரு வருஷத்துல யாரெல்லாம் விழுந்தீங்க?"

தபால் நிலையத்தில் வேலை பார்த்த அம்மா கைப்பையைத் திறந்து மூடினார். பாங்க்காரர் மின்விசிறியைப் பார்த்தார். உங்களையும் என்னையும் போலத்தான் எல்லோரும்.

அப்போது சொன்னேன். "நான் விழுந்தேன். ஏப்ரல் மாசம், மாடிப்படியில. முட்டி மடங்கிடுச்சு. நாலு படி உருண்டேன். அதுக்கு முன்னாடி ஒருதரம் பாத்ரூம்ல. யார்கிட்டயும் சொல்லல. என் சம்பந்தி கேட்டாங்க, அவங்ககிட்டயே பொய் சொன்னேன்."

முதலில் பாங்க்காரர் கையைத் தூக்கினார். பிறகு தபால் நிலைய அம்மா. பிறகு ஒவ்வொருவராக. பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர். கட்டிலிலிருந்து இறங்கும்போது, பஸ் படியில், பேரப்பிள்ளையைத் தூக்கும்போது. ஒருவர் நாலு முறை விழுந்திருக்கிறார், மனைவிக்குக்கூடத் தெரியாது. பேச ஆரம்பித்தவர்கள் நிறுத்தவில்லை. மணி எட்டேகால் ஆகிவிட்டது. அன்று ஒருவரும் ஒரு பயிற்சியும் செய்யவில்லை. எனக்கு முப்பத்தொரு வருட அலுப்பும் ஒரே நாளில் உடம்பில் இறங்கியதுபோல் இருந்தது.

எல்லோரும் போனபிறகு நாற்காலிகளை அடுக்கிவிட்டுத் திரும்பினால், வாசலில் மருமகள் நிற்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. அலுவலகப் பையோடு நின்றாள்.

"படியில விழுந்தீங்களா அத்தை?"

"ம்."

"ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"நீங்கதான் பேசுறதில்லையே."

மன்னிப்பு என்ற சொல்லை அவளும் எடுக்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஹாலைப் பூட்டினேன். அவள் என் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

லிஃப்ட் வழக்கம்போல் ஓடவில்லை. மூன்று மாடி. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு படிக்கும் நின்று, நான் இரண்டு காலையும் வைத்த பிறகு அடுத்த படிக்குப் போனாள். பிடிக்கிற விதம் தப்பு. அப்படி மேலே இழுத்துப் பிடித்தால் நான் சரியும்போது அவளும் சேர்ந்து சரிவாள். அவள் ஒரு படி கீழே நிற்க வேண்டும், என் கை கைப்பிடியில் இருக்க வேண்டும். சொல்லிக்கொடுக்க வாய் வரை வந்தது.

மூன்றாவது மாடி வரை சொல்லவில்லை.